விபத்து வார்டில் ஆய்வு தொடங்கும் பிள்ளைகளுக்கு

காயப்பட்டோர் பற்றிய ஆய்வில் சேரப்போகும் உங்களுக்கு, கொழும்பு தெமட்டகொடையில் குடியிருந்து இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் சொல்வது.

1. அடிபட்ட நேரத்தைக் கேட்டு எழுதுங்கள். வார்டுக்கு வந்த நேரம் மட்டும் போதாது. 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வில் இலங்கை உட்பட 40 நாடுகளின் 274 வைத்தியசாலைகள் சேர்ந்தன; 20,211 நோயாளர்கள். ட்ரனெக்சாமிக் அசிட் என்ற மலிவான மருந்து இரத்தம் போகிறவரின் உயிரைக் காக்கும் என்று அதில் தெரிந்தது. அடுத்த வருடப் பகுப்பாய்வில் இன்னொன்றும் தெரிந்தது: மூன்று மணித்தியாலம் கடந்து கொடுத்தால், இரத்தப்போக்கில் இறப்பவர் தொகை கூடுகிறது. ஒவ்வொரு வார்டிலும் யாரோ ஒருவர் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டு எழுதியதால்தான் அது பிடிபட்டது. 1990 இலக்கச் சுவசெரிய அம்புலன்சில் வந்தால் அழைப்பு நேரம் பதிவாகியிருக்கும். பேஸ்லைன் வீதியிலிருந்து ஓட்டோவில் ஏற்றி வந்தால் ஓட்டோக்காரர் போய்விடுமுன் பிடியுங்கள். "லுஹர் பாங்கு சொல்லி முடிஞ்ச கையோட" என்றாரா, அதை அப்படியே எழுதிவிட்டு, மணியைப் பிறகு பாருங்கள்.

2. தலையில் அடிபட்டவரின் நினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவை 1974இல் டீஸ்டேலும் ஜெனட்டும் தந்தது. இப்போதைய வடிவில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. ஆகக் குறைந்தது 3, கூடியது 15. இதில் நம் ஊருக்கென்று ஒரு ஆபத்து உண்டு. தமிழ் மட்டும் தெரிந்த முதியவரிடம் சிங்களத்தில் பெயர் கேட்கிறார்கள். அவர் பேசாமல் பார்க்கிறார். கையை உயர்த்தச் சொன்னாலும் விளங்கவில்லை. பேச்சிலும் அசைவிலும் புள்ளி போய்விடுகிறது. "ஐயா, உங்கட பேர் என்ன?" என்று கேளுங்கள், பேரும் தெருவும் கிழமையும் சொல்வார். சிங்களவரைத் தமிழில் கேட்டாலும் இதே கதைதான். எந்த மொழியில் யார் கேட்டது என்று குறியுங்கள். கூட்டுத்தொகையை மட்டும் எழுதாமல் மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள்.

3. மறுநாள் தலை முதல் கால் வரை திரும்பப் பாருங்கள். பெரிய காயத்தைப் பார்க்கும் அவசரத்தில் கைவிரல், பாத முறிவுகள் தப்பிவிடும்.

4. 2019 ஏப்ரல் 21ஐ இந்த ஊர் மறக்காது. காலையில் கொச்சிக்கடை தேவாலயம், பின்னேரம் நம் தெமட்டகொடையில் ஒரு வீடு என்று குண்டுகள் வெடித்தன. குண்டு வெடிப்பில் சிக்கியவருக்குச் செவிப்பறை கிழியவில்லை என்றால் நுரையீரலும் தப்பியது என்று அர்த்தமில்லை. மூச்சை விடாமல் கவனியுங்கள்.

5. பெரிய டொக்டர் சொன்னார் என்பது ஆதாரமாகாது. தலைக்காயத்துக்கு ஸ்டீரொயிட் நல்லது என்று முப்பது வருடமாக நம்பிக் கொடுத்தார்கள். 10,008 பேரில் சோதித்த முதல் கிராஷ் ஆய்வின் முடிவு 2004இல் வந்தபோது, இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 21 வீதம், பெறாதவர்களில் 18 வீதம். நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் அத்தனை பேரும் கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறும்.

6. வெளியில் அழுதுகொண்டு நிற்கும் தாயிடம் ஆய்வுக்கான சம்மதப் படிவத்தை நீட்டாதீர்கள். முதலில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று சொல்லுங்கள். மாட்டேன் என்றாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்பதை அவருடைய மொழியில் சொன்ன பிறகே கையெழுத்து.

7. ஆறு மாதம் கழித்து அவர் வேலைக்குப் போகிறாரா, வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாரா என்று தெரியாவிட்டால் உங்கள் ஆய்வு பாதிதான். நாட்கூலிக்காரரின் போன் நம்பர் மாறிக்கொண்டே இருக்கும். அக்காவின் நம்பர், பக்கத்துக் கடைக்காரரின் நம்பர் இரண்டையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.