நிழற்படத்திற்கு ஏற்ற மை

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில் அமைந்த ஊர் ஜீயபுரம். பங்குனித் திருவிழாவின்போது திருவரங்கத்து நம்பெருமாள் இவ்வூர் மண்டபத்திற்கு எழுந்தருளுவது வழக்கம். இத்தகைய ஆற்றங்கரை ஊர்களின் பழைய வீடுகளில், கூடத்துச் சுவரிலே கருப்பு வெள்ளை நிழற்படங்கள் வரிசையாகத் தொங்கக் காணலாம். மணக்கோலத்தில் பாட்டனும் பாட்டியும், மடியில் கைக்குழந்தையோடு அமர்ந்த அத்தை, விறைப்பாக நிற்கும் தாத்தாவின் தம்பி எனப் பலர் அவற்றில் உள்ளனர். பல படங்கள் மஞ்சளித்துவிட்டன. சிலவற்றைப் பூச்சி அரித்துவிட்டது. வேறு பிரதி ஒன்றும் இல்லாத படமே அவற்றுள் மிகுதி.

இப்பகுதியின் மிகப் பழைய நிழற்படங்களுள் சில, கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் எடுத்தவை. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக விளங்கிய அவர், திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் படமெடுத்தார். அப்படங்கள் 1858-ஆம் ஆண்டில் தொகுதிகளாக வெளிவந்தன. அக்காலத்துப் படத்தில் கருமையாகத் தோன்றுவது மையன்று. நுண்ணிய வெள்ளித் துகளே ஆகும். படத்தை நிலைப்படுத்தப் பயன்படும் உப்பை நன்கு கழுவி நீக்காவிட்டால், நாளடைவில் அவ்வெள்ளி கெட்டுப் படம் பழுப்பேறி மங்கும். ஆகவே தாளைப் பலமுறை நீரில் அலசுவதே அக்காலக் கலைஞரின் பெருங்கவலையாக இருந்தது.

இன்று நிலை வேறு. பழைய படத்தைக் கணிப்பொறியில் பதிவு செய்து, கறை நீக்கி, புதிதாக அச்சிட்டுக்கொள்ள இயலும். வெள்ளியின் இடத்தை மை பிடித்துக்கொண்டது. ஆயின், எந்த அச்சுப்பொறி சிறந்தது என்று வினவுவோர் பலர். எந்த மை சிறந்தது என்று வினவுவோர் மிகச் சிலரே. படத்தின் ஆயுளோ பொறியைவிட மையையும் தாளையுமே சார்ந்தது.

அச்சுப்பொறி மை இருவகைப்படும். ஒன்று சாய மை; மற்றொன்று நிறமி மை. நீரில் சர்க்கரை கரைவது போலச் சாயம் முற்றிலும் கரைந்து நிற்கும். காவிரியின் புதுவெள்ளத்தில் வண்டல் மிதந்து வருவது போல, நிறமி கரையாமல் நுண்துகளாக மிதக்கும். சாய மையில் அச்சிட்ட படம் அன்று பார்க்கப் பளிச்சென்றே இருக்கும். விலையும் குறைவு. ஆனால் தனித்தனி மூலக்கூறாகப் பரவிக் கிடக்கும் சாயத்தை ஒளி எளிதில் சிதைத்துவிடுகிறது. காற்றிலுள்ள ஓசோன் வளியும் அதனைத் தாக்குகிறது. நிறமித் துகளிலோ மேற்பரப்பு கெட்டாலும் உட்பகுதி காப்புற்று நிற்கும். அதனால் நிறம் நெடுநாள் நீடிக்கும்.

கருப்பு வெள்ளைப் படத்திற்கு மற்றோர் இடரும் உண்டு. படத்தில் முழுக்கருப்பு சிறிதளவே; பெரும்பகுதி சாம்பல் நிறமே. பாட்டியின் கன்னத்துச் சுருக்கமும் புடைவையின் மடிப்பும் அச்சாம்பல் நிறத்தின் ஏற்றத்தாழ்வால் மட்டுமே புலப்படுகின்றன. சாதாரண அச்சுப்பொறி நீலம், செந்நீலம், மஞ்சள் ஆகிய வண்ண மைகளையும் கலந்தே சாம்பலை உண்டாக்குகிறது. இம்மைகள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஒன்று முந்தி மங்கினால் மற்றதன் நிறம் மேலோங்கும். முகம் பச்சை பாய்ந்தோ சிவந்தோ தோன்றும். கடைவிளக்கில் நடுநிலைச் சாம்பலாகத் தெரிந்த படம், வீட்டு முற்றத்து வெயிலில் வேறு சாயல் காட்டுவதும் உண்டு.

இக்குறையைத் தவிர்க்கவே கருப்பு மையைப் பல செறிவுகளில் அமைக்கும் முறை தோன்றியது. 2005-ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம் கருப்பு, இளங்கருப்பு, மிக இளங்கருப்பு என மூன்று செறிவுகள் கொண்ட நிறமி மைத்தொகுதியை வெளியிட்டது. கருப்பு வெள்ளைக்கென்றே முழுதும் கரித்துகளால் ஆன மைகளும் உள்ளன. இவையே நெடுங்காலம் நிலைப்பவை.

கரிக்கு இவ்வுறுதி எங்கிருந்து வந்தது? கரி என்பது கார்பன். ஒளியோ ஈரமோ அதனை எளிதில் மாற்றுவதில்லை. தமிழ்நாட்டார் இதனை நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து தெளிவாகத் தெரியாது. விளக்குக்கரியைப் பச்சிலைச் சாற்றுடன் கூட்டித் தடவித் துடைத்தால், கீறலில் கரி தங்கி எழுத்து விளங்கும். ஓலை செல்லரித்து உதிரும். எஞ்சிய துண்டிலோ எழுத்தின் கருமை அப்படியே இருக்கும். பழைய செய்தித்தாளில் தாள் பழுத்தும் எழுத்து மங்காதிருப்பதும் கரியின் இயல்பாலேயே.

கரிமைக்கும் குறைகள் உள. அதன் சாம்பல் சற்றே பழுப்புச் சாயல் உடையது. பழைய முகங்களுக்கு அச்சாயல் அழகே செய்யும் எனலாம். விரும்பாதார்க்கென நீல நிறமி சிறிது சேர்த்த மைகளும் கிடைக்கின்றன. மினுமினுப்பான தாளில் கரி நன்கு ஒட்டாது, தேய்த்தால் கீறல் விழும். பருத்தியால் ஆன மங்கல் தாளே அதற்கு ஏற்றது. மிகுவெண்மைக்காக ஒளிரூட்டும் பொருள் சேர்த்த தாள் பின்னர் மஞ்சளிக்குமாதலால் அதனையும் விலக்குதல் நன்று. பொறியை வாரக்கணக்கில் இயக்காது விட்டால் துகள்கள் படிந்து நுண்துளைகள் அடைபடும். ஆண்டுக்கு இரண்டொரு படமே அச்சிடும் வீட்டார் தாமே பொறி வாங்குவதினும், நிறமி மை பயன்படுத்தும் அச்சகத்தில் கொடுத்து வாங்குவதே சிக்கனம்.

அச்சகத்தார் சொல்லை ஆராய்ந்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே படத்தைச் சிறு துண்டுகளாக இருவகை மையிலும் அச்சிட்டுப் பெற வேண்டும். ஒவ்வொன்றிலும் பாதியைத் தடித்த கருந்தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் ஒட்டிவைக்க வேண்டும். பங்குனியில் வைத்ததை ஆடியில் எடுத்துக் கருந்தாளை நீக்கினால், மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் இடையே கோடு விழுந்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.