ஹார்மோனும் ஸ்டீராய்டும்

கழுகுமலையைச் சூழ்ந்த கரிசல் மண்ணில் குனிந்து நிமிர்ந்து உழைப்போர்க்கு மூட்டுவலி புதிதன்று. வலி மிகும்போது மருத்துவரை நாடாது, முன்பு தந்த மாத்திரையையே கடையில் மீண்டும் கேட்டு வாங்கும் வழக்கம் நம் மக்களிடையே உண்டு. அம்மாத்திரை ஸ்டீராய்டாக இருப்பின், அதன் இயல்பை நாம் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ஹார்மோன் என்பது தொழிலால் வந்த பெயர். நாளமில்லாச் சுரப்பிகள் குருதியில் கலந்து அனுப்பும் தூதுப்பொருளே ஹார்மோன். ஸ்டீராய்டு என்பதோ அமைப்பால் வந்த பெயர். நான்கு கரிம வளையங்கள் ஒரு குறிப்பிட்ட முறையில் பிணைந்த சேர்மங்கள் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே கணையம் சுரக்கும் இன்சுலின் ஹார்மோன், ஸ்டீராய்டு அன்று. கொலஸ்டிரால் ஸ்டீராய்டு, ஹார்மோன் அன்று. சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரினல் சுரப்பி தரும் கார்டிசாலோ இரண்டுமாம். ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனும் அவ்வாறே. தசை வளர்ச்சிக்காக விளையாட்டு வீரர் சிலர் உட்கொண்டு தடைக்கு ஆளாவது இதன் இனத்தைச் சார்ந்த மருந்துகளே. மூட்டுவாதத்திற்கும் ஆஸ்துமாவிற்கும் தரப்படுபவை கார்டிசாலின் இனத்தவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதல் பிழை.

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்பார் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்டிசோனை அளித்தார். நடக்க இயலாதிருந்தவர் சில நாட்களிலேயே நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர். எனினும் தொடர்ந்து உட்கொண்டோரிடம் முகவீக்கம், எலும்புத் தேய்வு முதலிய தீங்குகள் பின்னர்ப் புலப்பட்டன.

அண்மைச் சான்றும் உண்டு. 2020இல் பிராணவாயு தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளிடையே டெக்சாமெத்தசோன் இறப்பைக் குறைத்தது. மறு ஆண்டிலேயே நம் நாட்டில் கரும்பூஞ்சை நோய் பரவியபோது, கட்டுக்குள் இல்லாத நீரிழிவும் அளவு மீறிய ஸ்டீராய்டுப் பயன்பாடும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. ஸ்டீராய்டு வீக்கத்தைத் தணிக்கும்பொழுதே உடலின் எதிர்ப்பாற்றலையும் தணிக்கிறது. குருதிச் சர்க்கரையையும் உயர்த்துகிறது.

இன்னுமொன்று கருதத்தக்கது. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டிருப்பின் அட்ரினல் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். நெடுநாள் உட்கொண்டவர் அதனைத் திடீரென நிறுத்தின், மருந்தும் இராது, சுரப்பும் இராது. இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின் தொடங்குவதும், படிப்படியாகக் குறைப்பதும், நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே நிகழ்தல் வேண்டும்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். மருத்துவரை விடுத்து மருந்தை மட்டும் கொள்வது அந்நான்கில் ஒன்றை இழப்பதாகும். உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கற்ற மாணவர் தம் இல்லத்து முதியோர் உண்ணும் மாத்திரை இன்னதென மருத்துவரிடம் கேட்டறிந்து கூறுதலும் அவ்வமானிதத்தைப் பேணும் கடமையேயாம்.