மேல்தாடை விரியும் நாட்கள்



பல்வரிசையை அழகுபடுத்தும் சிகிச்சைக்குக் காணிக்கைப் பணத்தைச் செலவிடலாமா என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மேல்தாடை மிகவும் குறுகினவருக்கு மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழும். சோற்றை மென்று தின்பதே பாடாயிருக்கும். அழகு அதற்குப் பிற்பாடு.

மேல்தாடை இரண்டு பாதிகளாக உருவாகி, அண்ணத்தின் நடுவில் ஓர் இணைப்பினால் சேர்ந்திருக்கிறது. சிறுபிராயத்தில் அது இளக்கமானது. திருகு வைத்த கருவியைக் கடைவாய்ப் பற்களில் மாட்டிச் சிறிது சிறிதாகத் திருகினாலே தாடை விரியும். 1860ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் இவ்விதமாய்ச் செய்ததை எழுதியிருக்கிறார். வாலிபம் கடந்தபின்போ இணைப்பு இறுகிவிடும். அப்பொழுது திருகினால் எலும்பு அசையாது, பற்கள்தான் வெளிப்புறம் சாயும். ஆகவே பெரியவர்களுக்கு மயக்கமருந்து கொடுத்து, உதட்டின் உட்புறமாகத் திறந்து, தாடையின் பக்கச் சுவர்களையும் நடு இணைப்பையும் அறுத்துத் தளர்த்துகிறார்கள். முகத்தில் தழும்பு இராது.

ஏறக்குறைய ஒரு வாரம் பொறுத்து, நோயாளியோ வீட்டாரோ சிறு சாவியால் திருகத் தொடங்க வேண்டும். நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டர் அல்லது சற்று அதிகம், அவ்வளவே. சில நாட்களில் முன்பற்கள் இரண்டும் விலகி நடுவே சந்து தெரியும். “ஐயா, இருந்ததும் கெட்டுப்போச்சே” என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவர்கள் உண்டு. வைத்தியருக்கோ அதுவே நல்ல அடையாளம். எலும்பு பிரிந்திருக்கிறது, அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும். எசேக்கியேல் 37ஆம் அதிகாரத்தில் எலும்புகள் ஒன்றுசேருகின்றன. இங்கே பிரிந்து சுகமாகின்றன. இதைப் பிரசங்க உதாரணமாக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அழுகிறவரின் படுக்கையருகே அது உதவாது. சந்து ஏன் வந்தது, கம்பி போட்டுப் பின்னால் எப்படி மூடப்படும் என்று பொறுமையாய்ச் சொல்லி, பிறகு ஜெபிப்பதே உதவும்.

திருகுவது இரண்டு மூன்று வாரத்தில் முடியும். அதன்பின் கருவி பல மாதங்கள் வாயிலேயே இருக்க வேண்டும். புது எலும்பு கெட்டிப்படுமுன் கழற்றினால் தாடை பழையபடி ஒடுங்கும். கூலிவேலை செய்கிறவர் மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுவது இந்த மாதங்களில்தான். ஆபரேஷனுக்கென்று காணிக்கை வருகிறது. பஸ் செலவுக்கும் அன்றைய கூலிக்குமென்று யாரும் அனுப்புவதில்லை. மனதுள்ளவர்கள் காணிக்கைச் சீட்டில் “மறுவருகைக்கு” என்று எழுதி அனுப்புங்கள்.