நேரடி விதைப்புப் பாத்தி: முதல் பத்து நாள்

திருத்தணி வட்டாரச் செம்மண்ணில் வெண்டை, கொத்தவரை, கீரை விதைகளை நாற்று விடாமல் நேரடியாகவே விதைக்கலாம். ஆடிப் பட்டம் ஏற்றது. வெண்டையை இரவு ஊறவைத்து, வரிசைக்கு 45, செடிக்கு 30 செ.மீ. இடைவெளியில், 2 செ.மீ. ஆழத்தில் குழிக்கு 2 விதையாக ஊன்ற வேண்டும். பொடியான கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் சீராக விழும்.

கவனம் அதிகம் வேண்டியது முதல் வாரத்தில்தான். நீர் வேகமாகப் பாய்ந்து காய்ந்தால் செம்மண்ணின் மேற்பரப்பு இறுகும். முளை மண்ணுக்குள்ளேயே மடியும். எனவே பூவாளியால் காலை, மாலை லேசாகத் தெளித்து, வைக்கோல் பரப்புவது நல்லது. முளை தெரிந்த அன்றே வைக்கோலை நீக்காவிட்டால் செடி வெளிறி, நெட்டையாகச் சாயும்.

பத்தாம் நாள், குழிக்கு ஒரு திடமான வெண்டைச் செடி போதும். மற்றதைப் பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். தரையோடு கிள்ளிவிடுவதே சரி. நெருக்கமான இடத்தில் கலைத்த கீரை சமையலுக்கு ஆகும்.