கணுக்கால் வாங்கிய கடன், தோள் கட்டிய வட்டி

"இத்தனூண்டு பந்தை அடிச்சா தோள் கிழியும்?" என்று கேட்டார் சித்தப்பா. நான் முதலில் பார்த்த எலும்பு டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார். டேபிள் டென்னிஸ் பந்து 2.7 கிராம்தான். ஆனால் கோச் அடுத்தடுத்துப் பந்து போடும் மல்டிபால் பயிற்சியில் ஒரு கூடைக்கு நூறு பந்து, காலையில் எட்டுக் கூடை. ஒவ்வொரு பந்துக்கும் கை முழு வேகத்தில் சுழல வேண்டும். 2014-ல் செல்லுலாய்டு போய்ப் பிளாஸ்டிக் பந்து வந்ததும் ஸ்பின் குறைந்தது. அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக வீசுகிறோம்.

இத்தனை இருந்தும், என் தோளைக் கெடுத்தது கணுக்கால்.

ரேங்கிங் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பேக்ஹேண்ட் மூலைக்குச் சுற்றிப்போய் ஃபோர்ஹேண்ட் அடிக்கையில் வலது கணுக்கால் பிசகியது. பத்தாம் நாள் வீக்கம் வடிந்தது. "வீக்கம் போச்சுல்ல, வா" என்றார் அப்போதைய கோச். அன்று காலை ஷூ மாட்டும்போது ஒற்றைக்காலில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தேன். கால் ஆறவில்லை என்று தெரிந்தது. தெரிந்தும் போனேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

லூப் என்கிற டாப்ஸ்பின் அடிக்குப் பலம் தரையிலிருந்து வர வேண்டும். வலது காலில் எடையை இறக்கி, இடுப்பைத் திருப்பி, கடைசியில்தான் கை. கால் பயந்ததால் நிமிர்ந்து நின்றே ஆடினேன். காலின் வேலையையும் தோளே செய்தது. இரண்டே வாரத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. கொடியில் துணி போடக் கை எழவில்லை. வலி மாத்திரையோடு போட்டியில் இறங்கினேன். காலிறுதி, ஐந்தாவது கேம், 9-9. தாழ்வாக வந்த பேக்ஸ்பின் பந்தை இழுத்துத் தூக்கியபோது தோளுக்குள் துணி கிழிவதுபோல் ஒன்று. அந்த மேட்சை ஜெயித்தேன். அரையிறுதிக்குப் பேட்டைத் தூக்க முடியவில்லை. தசைநாரில் பகுதிக் கிழிசல். பதினோரு மாதம் போயிற்று.

ஐஸ், ஓய்வு, எலாஸ்டிக் பேண்ட் பயிற்சி எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிய வேண்டியவை வேறு:

• பிசகிய காலில், நல்ல காலுக்குச் சமமாக நிற்கவும் குதிக்கவும் முடியும்வரை மேஜைப் பக்கம் போகாதீர்கள். வீக்கம் வடிவது கணக்கே இல்லை.

• ராத்திரி தோள் வலித்து எழுப்பினால், மறுநாள் ஃபோர்ஹேண்ட் கிடையாது. "வலியோட ஆடுறவன்தான் பிளேயர்" என்பார்கள். கிழியப்போவது அவர்கள் தோள் அல்ல.

• ஆடுகிற வீடியோவைக் கேட்கும் பிசியோவிடம் போங்கள். என்னைத் தேற்றியவர் தோளைத் தொடும் முன்பே வீடியோவை நிறுத்தி, என் பாதத்தைக் காட்டினார்.

• திரும்பி வரும்போது பந்துகளை எண்ணுங்கள். உங்களுக்கும் காலை ஐந்தரைக்கு பிராக்டிஸ், பிறகு காலேஜ், மாலையில் மறுபடி ஹால் என்றுதான் ஓடும். பாதிக் கூடையில் தொடங்குங்கள்.

அந்த கோச்சை விட்டு நான் அகாடமி மாறியதை நன்றி கெட்டதனம் என்கிறார்கள். சரத் கமல் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் மூன்று தங்கம் வென்றபோது அவருக்கு வயது நாற்பது. எனக்கும் அவ்வளவு வருடம் ஆட வேண்டும், அதற்காகத்தான் மாறினேன்.

இப்போதும் ஒற்றைக்காலில் நின்றுதான் ஷூ மாட்டுகிறேன். கை சுவரைத் தேடினால், அன்று மல்டிபால் இல்லை.