சுரைப் பிஞ்சு வெம்பாமல் காய்க்க...

மாடித் தோட்டம் போட்டிருக்கும் யாரைக் கேட்டாலும் சுரையைப் பற்றி ஒரே குறைதான். "கொடி நல்லா படருது, பூவும் பூக்குது, பிஞ்சு மட்டும் மஞ்சளாகி உதிர்ந்துடுது." என் முதல் கொடியிலும் அப்படித்தான் இருபது பிஞ்சுக்கு மேல் போனது. உரம் போதவில்லை என்று நினைத்து எருவை அள்ளி அள்ளிப் போட்டேன். காயப்போட்ட துணியை எடுக்க ஒருநாள் அந்தி நேரத்தில் மாடி ஏறியபோதுதான் விஷயம் புரிந்தது. காலையில் சுருங்கித் தொங்குவதாக மட்டுமே நான் பார்த்திருந்த பூக்கள், வெள்ளை வெளேரென்று விரிந்து நின்றன. சுரை மாலையில் பூக்கிற கொடி. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு இந்தக் குறிப்புகள்:

1. ஆடிப்பட்டம், தைப்பட்டம் இரண்டும் சுரைக்கு ஏற்றவை. ஆடியில் ஊன்றினால் புரட்டாசியில் காய் பறிக்கலாம். தையில் ஊன்றினால் பங்குனி, சித்திரை வெயிலில் வீட்டுக் காய் கிடைக்கும். ஐப்பசி அடைமழையில் ஊன்ற வேண்டாம். விதை அழுகும்.

2. நாட்டு விதையாகப் பார்த்து வாங்குங்கள். வீரிய ஒட்டு ரகம் நன்றாகவே காய்க்கும். ஆனால் அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல் வராது, அடுத்த பட்டத்துக்கும் கடைக்குத்தான் போக வேண்டும்.

3. சுரை விதையின் தோல் கெட்டி. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் வடித்து, ஈரத் துணியில் முடிந்து, ஒரு டப்பாவுக்குள் வைத்து அடுப்படியின் கதகதப்பான மூலையில் விட்டுவிடுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் போதும். இரண்டு மூன்று நாளில் விதையின் கூர்முனை லேசாகப் பிளந்து, வெள்ளை வேர் எள்ளளவு எட்டிப் பார்க்கும். அப்போதே ஊன்றிவிட வேண்டும். வேர் நீண்டு துணியின் இழையில் சிக்கிவிட்டால், பிரிக்கும்போது ஒடிந்துவிடும்.

4. வேர் எட்டிப் பார்த்த முனை கீழே போகும்படி ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு பைக்கு மூன்று விதை. இரண்டு இலை விட்டதும் நல்ல கன்றாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கத்தரியால் அடியோடு வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் கன்றின் வேரும் அசையும், சுரைக்கு அது ஆகாது. நாற்றுவிட்டு நடுவதானால் காகிதக் கப்பில் வளர்த்து, வேர் மண் உதிராமல் நடுங்கள்.

5. சின்னத் தொட்டியில் சுரை வளர்ப்பது வீண் வேலை. பதினெட்டு அங்குல அகலமும் ஆழமும் உள்ள பையாவது வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மேலே காய்ந்த இலைச்சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

6. முதல் இரண்டு வாரம் கன்றைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். செங்காவி நிறத்தில் பளபளவென்று ஒரு வண்டு வந்து வித்திலையைச் சல்லடையாக்கிவிடும். காலைப் பொழுதில் அது மந்தமாக இருக்கும். கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலைமேல் சலித்த சாம்பலைத் தூவுவதும் நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான்.

7. பந்தலைக் கன்று சிறிதாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். படர்ந்த பிறகு கொடியைத் தூக்கிக் கட்டினால் கணுக்கள் முறியும். காற்று வீசும் மாடியில் கால்களைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள்.

8. தாய்க்கொடி ஐந்தாறு அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். சுரையின் தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண் பூதான் வரும். பெண் பூக்கள் பக்கக் கிளைகளில்தான் அதிகம். மனசு கேட்காமல் நுனியை விட்டுவைத்தால் கொடி பக்கத்து மாடிவரை போகும், காய் இருக்காது.

9. பூ எடுத்த பிறகு தழைச்சத்து நிறைந்த எருவைக் குறையுங்கள். இலை முறம் முறமாகக் கரும்பச்சையில் இருந்து, பூ குறைவாக இருந்தால் எரு அதிகம் என்று அர்த்தம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, லிட்டருக்கு முப்பது மில்லி வீதம் பஞ்சகவ்யம் கலந்து தெளித்தால் போதும்.

10. இனி, முக்கியமான வேலை. முதலில் வருவதெல்லாம் மெல்லிய நீளக் காம்பு கொண்ட ஆண் பூக்கள். அவை உதிர்வதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். சில நாள் கழித்து வரும் பெண் பூவின் அடியில் கட்டைவிரல் நுனியளவு குட்டிச் சுரைக்காய் ஒன்று, பூனைமயிர் போர்த்தி உட்கார்ந்திருக்கும். பூசணி, பரங்கி, இப்போது பலரும் வளர்க்கும் சுக்கினி ஆகியவற்றின் மஞ்சள் பூக்கள் விடியலில் விரியும், தேனீ வந்து வேலையை முடித்துவிடும். சுரைப்பூ அந்தியில் விரிந்து மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். அதைத் தேடி வருபவை அந்துப்பூச்சிகள், மாடிக்கு அவை வரும் என்று நிச்சயமில்லை. அதனால் விளக்கு வைக்கும் நேரத்தில் நீங்களே மேலே போங்கள். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்னுக்கு மடக்குங்கள். நடுவில் உள்ள மகரந்தத் தண்டை விரலால் தொட்டால் மாவு ஒட்ட வேண்டும். அதைப் பெண் பூவின் நடுவே உள்ள சூல்முடியில், எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். தடவிய பூவின் காம்பில் ஒரு நூல் கட்டிவிட்டால் மறுநாள் குழப்பம் இருக்காது. நான்கே நாளில் பலன் தெரியும். காய் பிடித்திருந்தால் பிஞ்சு பளபளப்பாகப் பருத்துக் கீழ்நோக்கி வளையும். பிடிக்காதது நுனியிலிருந்து மஞ்சளாகும்.

11. பிடித்துப் பருத்த பிஞ்சும் அழுகினால், பழ ஈயின் வேலையா என்று பாருங்கள். தோலில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளியும், அதிலிருந்து பிசின் கசிந்து உறைந்த தடமும் இருக்கும். காய் பிடித்தது உறுதியானதும் பழைய வேட்டித் துணியில் தளர்வாகப் பை தைத்துப் போட்டுவிடுங்கள். அழுகியதைக் குப்பைக் குழியில் போடாதீர்கள், புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகி வரும். பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

12. இலையில் மாவு தூவியதுபோல் வெள்ளை படிந்தால் அது சாம்பல் நோய். ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். பிரேசிலில் சுக்கினிச் செடிகளில் செய்து 1999-ல் வெளியான ஆய்வில் இந்த அளவு நல்ல பலன் தந்திருக்கிறது. அடி இலைகளை அவ்வப்போது கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

13. பூ தடவிய பன்னிரண்டு முதல் பதினைந்து நாளில் பறிக்கலாம். நகத்தால் அழுத்தினால் சுலபமாக இறங்க வேண்டும். ஒரு காயை முற்றவிட்டால் கொடி அடுத்த பிஞ்சுகளைக் கவனிக்காது.

14. சமைக்கும் முன் ஒரு சின்னத் துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிடசின் என்ற நச்சுப்பொருள், வேகவைத்தாலும் போகாது. வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். கசந்த சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. எத்தனை ஆசையாக வளர்த்த காயாக இருந்தாலும் பாவம் பார்க்காதீர்கள்.

15. விதைக்கு என்று திடமான கொடியில் ஒரு காயை விடுங்கள். அக்கம்பக்கத்தில் வேறு சுரை ரகம் இருந்தால், மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முதல்நாளே நூலால் கட்டி, மாலையில் அவிழ்த்துத் தடவி, பெண் பூவை மீண்டும் கட்டிவிட வேண்டும். காய் கொடியிலேயே முற்றிக் காயட்டும். ஓடு மரம்போல் இறுகும். இந்த ஓட்டைத்தான் நம் ஊர்களில் இடுப்பில் கட்டி நீச்சல் பழகினார்கள், மகுடியும் செய்தார்கள். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். உடைத்து எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, பட்டத்தின் பெயரை எழுதி ஒட்டிய டப்பாவில் மூடிவையுங்கள்.