மனநோயுற்றோருக்கு ஊரே துணை

நட்ட மூன்றாம் வாரத்தில் நெற்பயிரின் அடியிலைகளில் துரு நிறப் புள்ளிகள் தோன்றினால் நம் உழவர்கள் அதை விதி என்று விட்டுவிடுவதில்லை. துத்தநாகக் குறை என்று அறிந்து ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுகிறார்கள், பயிர் தேறிவிடுகிறது. ஆனால் வீட்டில் ஒருவர் தூக்கம் கெட்டு, தனக்குத்தானே பேசி, எவரையும் நம்பாமல் ஒதுங்கினால் அதே குடும்பம் அதை மறைக்கப் பார்க்கிறது. செய்வினை என்றும் கிரக தோஷம் என்றும் சொல்லி மாதங்கள் கழிகின்றன. நோய் முற்றுவது இந்தக் காலத்தில்தான்.

மனநோய் அரிய நோயன்று. 2015-16ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை.

ஏர்வாடி தரும் பாடம்

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். இத்தகைய காப்பகங்கள் அதே மாதத்தில் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு வந்தனர்.

குடும்பத்தார் பலர் கொடுமை செய்யும் எண்ணத்தோடு சங்கிலி இடுவதில்லை. பகலெல்லாம் காட்டுவேலை, இரவெல்லாம் காவல் என்று கை ஓய்ந்தபின் செய்வது அது. அந்த வீட்டுக்கு வேறு கைகள் கிடைத்திருந்தால் சங்கிலிக்குத் தேவை இராது. ஆகவே மனநோய்க்கு மருந்து பாதி. மீதிப் பாதி ஊரின் துணையே.

நோயின் அறிகுறிகள்

1. இல்லாத குரல் காதில் கேட்டல், காரணமற்ற சந்தேகம், குளியாமலும் உடை மாற்றாமலும் இருத்தல். இவை மனச்சிதைவைக் காட்டலாம்.

2. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் துயரம், எதிலும் நாட்டமின்மை, பசியும் தூக்கமும் கெடுதல். இவை மனச்சோர்வின் அறிகுறிகள்.

3. பல நாட்கள் தூக்கமே இன்றிக் களைப்புமின்றி அளவுக்கு மீறிய பேச்சு, செலவு, உற்சாகம். வேறு சமயம் ஆழ்ந்த சோர்வு. இஃது இருமுனை மனநோயாக இருக்கலாம்.

நோய் இன்னதென்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. அழைத்துச் செல்வது நம் வேலை. கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதைத் தடுக்க வேண்டியதில்லை. மருந்தை நிறுத்திவிட்டுப் போகாதிருந்தால் போதும்.

மருந்தும் வயல் வேலையும்

மனநோய் மருந்துகள் முழுப் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்ததும் தாமாக நிறுத்தினால் நோய் திரும்பும். கை நடுக்கம், மிகுந்த தூக்கம், இருக்கை கொள்ளாமை ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தேறி வருபவருக்கு அளவான வேலை நன்மை தரும். எனினும் வேலையைத் தெரிந்து கொடுத்தல் வேண்டும்.

வெயில்: சில மனநோய் மருந்துகள் உடல் வெப்பம் தணிவதைக் குறைக்கின்றன. லித்தியம் உட்கொள்பவருக்கு உடலில் நீர் வற்றுவது ஆபத்து. சித்திரை, வைகாசி வெயிலில் உச்சிப் பொழுது வேலை கூடாது. குடிநீரும் நிழலும் கட்டாயம் தேவை.

இயந்திரம்: மருந்தால் தூக்கக் கலக்கம் இருக்கும்வரை கதிரடிக்கும் இயந்திரம், பவர் டில்லர், கிணற்று மோட்டார் ஆகியவற்றில் விடலாகாது. மருந்து தெளிக்கும் வேலையும் வேண்டாம்.

தூக்கம்: மதுரை மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறிப்பு விடியுமுன் தொடங்குகிறது. தூக்கம் குறைந்தால் இருமுனை நோய் மீண்டும் கிளம்பக்கூடும். இத்தகையோருக்குப் பறிப்பு வேலையை விடப் பகலில் களையெடுப்பு, காய்கறித் தோட்டம், ஆடு மாடு பராமரிப்பு ஆகியவை ஏற்றவை.

கூலி: செய்த வேலைக்கு மற்றவருக்குத் தரும் கூலியையே அவர் கையில் தருக. சோறு மட்டும் போட்டு வேலை வாங்குவது உதவியன்று. தம் உழைப்புக்குக் காசு வருவதைக் காண்பதே அவருக்குப் பெரிய தெம்பு.

ஊரார் செய்யக்கூடியவை

1. வாரத்தில் ஒரு நாளேனும் பக்கத்து வீட்டார் முறை வைத்து நோயாளிக்குத் துணையிருந்தால் அவரைப் பார்த்துக்கொள்ளும் தாயோ மனைவியோ ஓய்வு பெறுவர். மகளிர் சுயவுதவிக் குழுக்கள் இதை எளிதில் ஏற்கலாம்.

2. மருத்துவமனைக்குப் போகும் நாளில் துணைக்கு ஒருவர் செல்லலாம். அல்லது அவர் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம்.

3. பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் சிறுவர் கல்லெறிவதையும் பெரியவர்கள் கண்டித்து நிறுத்த வேண்டும். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் அவரையும் அழைக்க வேண்டும்.

4. பூச்சிக்கொல்லிகளை எந்த வீட்டிலும் பூட்டி வைத்தல் வேண்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் அவற்றை வீட்டில் வைக்காமல் பொது அறையில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முறையைச் சென்னை சினேகா நிறுவனம் செய்து பார்த்தது. உழவர்கள் அதை ஏற்றுக்கொண்டனர். நம் ஊர்களிலும் இது முடியும்.

5. ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் விளையாட்டென்று தள்ளாமல் உடனிருந்து கேட்க வேண்டும். தனியே விடாமல் உடனே உதவி நாட வேண்டும்.

உதவி கிடைக்குமிடங்கள்

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மாவட்டத்தின் பிற அரசு மருத்துவமனைகளுக்கும் வருகின்றனர். வரும் கிழமையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992இல் மதுரையில் தொடங்கிய எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை சிகிச்சையோடு மறுவாழ்வுப் பணியும் தொழிற்பயிற்சியும் நடத்தி வருகிறது.

14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவச மனநல ஆலோசனை பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் திட்டம் இது. மாநில அரசின் 104 எண்ணும் உண்டு. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 108ஐ அழைக்க வேண்டும்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. கவனிப்பாரின்றித் தெருவில் திரிபவரைக் கண்டால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். காவலர் அவரைப் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டுள்ளது. பாதிப்பு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எனச் சான்று பெற்றவர்களுக்குரிய சலுகைகளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்துப் பெறலாம்.

உழவர் பெருமக்களே, ஒரு கண்மாயின் மடையைத் தனி ஒருவர் காக்க முடியாது என்பதால்தான் முறை வைத்துக் காத்து வருகிறோம். மனநோய் கண்ட வீட்டையும் அவ்வாறே முறை வைத்துத் தாங்குவோம். உங்கள் ஊரில் அப்படி ஒரு வீடு இருந்தால், அடுத்த மருத்துவமனை நாளுக்கு யார் துணை செல்வது என்பதை இந்த வாரமே பேசி முடிவு செய்யுங்கள்.